ஃப்ளாட்டுக்கு மாறிய வீடு

பாட்டுப் பெட்டியை ‘ராக்’ இசைக்கு வைத்த நாளிலிருந்து கிருபையின் வீட்டில் நடுவில் இருந்ததெல்லாம் அடங்கிப் போனது.

பெட்டி உள்ளங்கை அளவுதான். காலை ஜெபத்துக்கு முன்னால் அவள் அதில்தான் கீர்த்தனை கேட்பாள். லீவுக்கு வந்த மூத்தவன் எட்வின், "கேக்க எடுப்பா இருக்கும்மா" என்று சத்தத்தை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை ‘ராக்’ அமைப்பில் வைத்துவிட்டு ஓசூருக்கு ரயிலேறிவிட்டான். திரையில் ஐந்து கம்பிகள். இடது ஓரத்தில் தபேலாவின் கும்மென்ற சத்தம், வலது ஓரத்தில் ஜால்ராவின் கிண்ணென்ற சத்தம். இரண்டு ஓரமும் உயர்ந்து நின்றன. பாடுகிறவரின் குரல் இருக்கிற நடுக்கம்பி பள்ளத்தில் கிடந்தது. தபேலா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ள, பாடுகிறவர் அடுத்த தெருவிலிருந்து பாடினார்.

வீடும் அப்படியே ஆனது. மாடிப்படியில் முதல் படியும் கடைசிப் படியும் திடமாக இருந்தன. நடுப்படிகளில் பார்த்துக் கால் வைக்க வேண்டியிருந்தது. இட்லித் தட்டில் நடு இட்லி காகிதம் போல வெந்தது. வாரத்துக்கு நடுவிலுள்ள புதன்கிழமை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மூன்று பிள்ளைகளில் நடுவுள்ளவள் சுகிர்தாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

சுகிர்தா பாளையங்கோட்டையில் டீச்சர். உதடு அசையும், கை ஆடும், சத்தம் வராது. எழுதிக் காட்டினாள். மேலே "அன்புள்ள அம்மா" என்று இருந்தது, கீழே "இப்படிக்கு சுகிர்தா" என்று இருந்தது. நடுவில் வெறும் தாள்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு மக்ளே" என்றாள் கிருபை. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வருகிற புதன்கிழமை நாசரேத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் கேட்க வருகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் துபாய் என்று பேச்சு.

"இத்தனை நாளா எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. அப்போ பிள்ளைக்குச் சம்மதம்தான்" என்றார் கிருபையின் கணவர் தங்கையா.

"அவ பேசிக்கிட்டுதான் இருக்கா. நமக்குத்தான் கேக்கல."

எட்வினுக்குப் போன் போட்டாள். "ஃப்ளாட்டுக்கு மாத்துங்கம்மா, எல்லாம் சமமாயிரும்" என்றான்.

பக்கத்தில் நின்ற தங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. "ஃப்ளாட்டா? சொந்த வீட்ட வச்சுக்கிட்டு எதுக்கு ஃப்ளாட்டுக்கு மாறணும்? கோழிய எங்க விட?"

"இது வேற ஃப்ளாட்டுங்க."

"எல்லா ஃப்ளாட்டும் ஒண்ணுதான். மூணாவது மாடி, தண்ணி ஏறாது." பெட்டியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்த பத்தாவது நிமிஷமே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். இந்த வீட்டில் அன்றைக்குப் பொழுது குறைவு என்று சபைப் பாஸ்டர் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை ஜெபசிங், "ஸ்தோத்திரம் மா..." என்று சொல்லிக்கொண்டே படியேறினான். உள்ளே கால் வைத்ததும் "மாமா" பாதியில் நின்றது.

"இவனும் எங்க வீட்ல நடுவுள்ளவன்" என்றார் அவன் அம்மா, கேசரியைக் கையில் வாங்கிக்கொண்டே.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுகிர்தாவின் உதடு அசைந்தது. அவன் உதடும் அசைந்தது. அவள் சிரித்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நடுவுள்ளவர்களுக்கு நடுவுள்ளவர்கள் பேசுவது கேட்கிறது என்று எல்லாருக்கும் விளங்கியது.

"பெறவென்ன, அடுத்த மாசமே துபாய்க்கு டிக்கெட் போட்டுருவோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சுகிர்தா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். ஜெபசிங்கும் எழுந்து ஆட்டினான். ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

கிருபை கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எம்பிள்ள சொல்ல வந்தத சொல்லட்டும்." அவ்வளவுதான் ஜெபம். பிறகு காப்பி கொடுக்கிற சாக்கில் குனிந்து, தங்கையாவின் பையிலிருந்து பெட்டியை உருவி, ஃப்ளாட்டை அமுக்கினாள். ஐந்து கம்பிகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"...வேண்டாம்னு எட்டு நாளா கத்துதேன்! துபாய்தான் வேண்டாம். மாப்பிள்ளைய யாரு வேண்டாம்னா?" என்று சுகிர்தாவின் குரல் வீட்டை நிறைத்தது.

"எனக்கும் துபாய் வேண்டாம். ரெண்டு வருஷமா சொல்லுதேன்" என்றான் ஜெபசிங். "எங்க வீட்ல ராக்கே கிடையாது. இருந்தும் ஒருத்தர் காதுலயும் விழல."

அவன் அம்மா கேசரியை விழுங்கினார். "அப்போ இங்கனயே இருங்க. எனக்கும் பேரப்பிள்ளைய பாக்க பிளேன் ஏற வேண்டாம்."

புதன்கிழமைக்கு மதியம் வந்தது. எல்லாரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது கதவைத் திறந்தால், வாசல்படி இருந்த இடத்தில் லிஃப்ட் நின்றது. மேலே மூன்று என்று எரிந்தது. தங்கையா குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் சந்தோஷமாக. கோழியைப் பால்கனியில் கட்டிப் போட்டார்.

மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்ட லிஃப்டிலேயே கீழ்வீட்டம்மா ஏறி வந்தார். பன்னிரண்டு வருஷமாக இரண்டாவது மாடியில் குடியிருப்பவர். "கிருபை, உங்க கோழிச் சத்தம் காதைக் குத்துது" என்றார்.

கிருபை பெட்டியில் ஜால்ரா பக்கத்து டிரெபிள் கம்பியை ஒரு கோடு இறக்கினாள். கோழி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாஸ்டரின் கட்டைக் குரலில் "கொக்" என்றது.

"இப்போ சரி" என்றார் கீழ்வீட்டம்மா.