ஏரம்பு ஓடியதைப் பற்றிய அறிக்கை

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து வந்தது. 1958இல் அக்கராயனுக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில் நான் எழுதுவினைஞன். அறிக்கையை எழுதியவனும் நான்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே இருப்பில் எழுதினேன். இந்தக் கதையை ஐந்தாம் முறையாகத் தொடங்குகிறேன்.

2

ஏரம்பு ஒரு சோம்பேறி என்று ஊரே— (இல்லை. ஊர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.)

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர் ஏரம்பு. வலது கை ஓயாமல் நடுங்கும். முகத்தில் சிரிப்பும் வராது, கோபமும் வராது. வரம்பில் நடந்து வருகிறவர் திடீரென்று நின்றுவிடுவார். இரண்டு போகம் வயல் தரிசாய்க் கிடந்தது. விதைக்காதவரின் காணியைத் திருப்பி எடுக்கலாம். விசாரிக்க என்னை அனுப்பினார்கள்.

"மனம் போ எண்டுது, தம்பி. கால் கேக்குதில்லை," என்றார்.

3

கதைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்புத் தீ தாவிக் குசினிக் கூரை தீப்பற்றியது. உள்ளே அவர் மனைவி இராசமலர். கதிரையிலிருந்து எழும்பவே என் கையைப் பிடித்த மனிதர், முற்றத்தைக் கடந்து ஓடினார்; மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

(நான் என்ன செய்தேன்? என் சைக்கிளை நெருப்புப் படாத இடத்துக்குத் தள்ளினேன். அறிக்கையில் இது இல்லை.)

"பயப்படாதையுங்கோ, நல்லதாய் எழுதுறன்," என்று சொல்லிவிட்டு வந்து எழுதினேன்: 'மேற்படியார் நன்றாக ஓடுகிறார். நோய் என்பது நடிப்பு.'

மூன்று மாதத்தில் காணி போயிற்று.

4

ஆறு வருடம் கழித்து, வவுனியாவில் ஒரு டொக்டரிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மூளையின்ர அடியில சில நரம்பு முடிச்சுகள் இருக்கு. நினைச்ச அசைவைத் தொடக்கிறதும், அதை அளவா வைக்கிறதும் அதுகள்தான். அதுகள் பழுதானா நினைச்சாலும் கால் எழும்பாது. ஆனால் நெருப்பைக் கண்ட பயத்தில, சிலபேருக்கு வேறை வழியால கால் ஓடும். கொஞ்ச நேரம்தான். அந்த மனுசன் பொய் சொல்லேல்லை."

அப்போது எனக்கு—

(விடுங்கள்.)

5

முடிவுகள்.

முதல் முறை எழுதிய முடிவில் நான் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பொய். இரண்டாவதில் ஏரம்பு இறந்துவிட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது.

உண்மையில் அவர் நெடுங்கேணியில், இராசமலரின் தமையன் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். போன மாதம் பஸ் நிற்கும் இடத்தில் இராசமலர் என்னைக் கண்டார்.

"தம்பி, சுகமோ? அண்டைக்கு நீங்களாவது எங்களுக்காக எழுதினனீங்கள் எண்டு அவர் இப்பவும் சொல்லுறவர். ஒருக்கா வீட்டை வாங்கோவன்."

"ஓம், வாறன்," என்றேன்.

இன்னும் போகவில்லை. இதற்குமேல் நான் எழுதினால் என்னை நல்லவனாக்கிவிடுவேன். முடிவை நீங்கள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இராசமலருக்கு வாசிக்கத் தெரியும்.