ஆடியில் பதிந்த கல்யாணம்

"உங்களுக்கு எப்போது கல்யாணம் ஆனது?"

விசா நேர்காணலில், கணினித் திரையில் தெரிந்த அந்த அதிகாரியம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். கல்யாணமான எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். நானும் சொன்னேன். செப்டம்பர் மூன்று. அந்தப் பதிலுக்காக என் ஆயுளில் ஒரு வருஷத்துக்கு மேல் பிடுங்கிக்கொண்டார்கள். அது எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கிறது.

என் கணவர் உமேஷ் அங்கே ஏசி மெக்கானிக். நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி வாங்கியவர். அப்படிப்பட்டவர் பெண்டாட்டியை அழைத்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லி என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும்.

அவர் மூன்று மாத விடுப்பில் ஜூன் மாதம் பெங்களூர் வந்தார். மர்பி டவுனில் அவர் வீடு, ஆனேக்கலில் எங்கள் வீடு. பெண் பார்த்து, நிச்சயம் முடிந்து, நாள் குறிக்கலாம் என்று பார்த்தால் குறுக்கே ஆடி மாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆவணியில்தான் முகூர்த்தம். அதற்குப் பிறகு பதினேழு நாளில் அவர் விமானம் ஏற வேண்டும்.

அல்சூரில் விசா வேலை செய்து தரும் சிவசங்கரன்தான் வழி சொன்னார். "முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிடுங்க சார். இப்பவே நோட்டீஸ் குடுத்தா ஒரு மாசத்துல சர்டிபிகேட் கைல வந்துடும். நீங்க ஊருக்குப் போய் எறங்கினதுமே அப்ளை பண்ணிடலாம். ஆறே மாசம், மேடம் அங்க இருப்பாங்க."

என் மாமியார் சந்திரம்மா உடனே சம்மதிக்கவில்லை. "ஆடி மாசத்துல எவனாவது கல்யாணம் பண்ணுவானா?" என்று ஒரு நாள் முழுக்கப் பொருமினார். பிறகு அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். "ரெஜிஸ்டர் வேற, கல்யாணம் வேற. கையெழுத்து போட்டுட்டு அவ அவங்கம்மா வூட்டுக்குப் போவட்டும். தாலி ஏறினப்புறம்தான் என் வாசப்படிய மிதிக்கணும். அதுவரிக்கும் யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது."

புதுப் புடவை கூடாது, தலையில் பூ கூடாது. ஜூலை இருபத்தெட்டாம் தேதி பழைய சுடிதாரில் போய்ப் பதிவு அலுவலகத்தில் நின்றேன். இரண்டு தடவை "நாளெ பன்னி" என்று கன்னடத்தில் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிய குமாஸ்தா அன்றைக்கு ஏதோ நல்ல மனதில் இருந்தார். கையெழுத்துப் போட்டோம். பக்கத்து தர்ஷினி ஓட்டலில் நின்றபடி காப்பி குடித்தோம். அவர் மர்பி டவுனுக்கு ஆட்டோ பிடித்தார், நான் ஆனேக்கல் பஸ்ஸில் ஏறினேன். ஏற்கெனவே கல்யாணமான ஜோடிகளையே ஆடியில் பிரித்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற சனம் நாங்கள். எங்களுக்கு இதில் வினோதம் எதுவும் தெரியவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி, நானூறு பேர் பார்க்க, அவர் எனக்குத் தாலி கட்டினார். அதனால்தான் கேட்டதும் அந்தத் தேதி வாயில் வந்தது. பதிவு அலுவலகத்துக் காப்பி நினைவிலேயே இல்லை.

"சான்றிதழில் ஜூலை இருபத்தெட்டு என்று இருக்கிறதே?" என்றாள் அதிகாரி.

அது பதிவு, இது சடங்கு என்று விளக்கினேன்.

"இரண்டு தேதிக்கும் நடுவில் எங்கே வசித்தீர்கள்?"

"அம்மா வீட்டில்."

"கணவர் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது?"

ஆடியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். நல்ல காரியம் செய்யாத மாதம், மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை, தாலிதான் எங்களுக்குக் கல்யாணம் என்று ஒழுங்காக, தடுமாறாமல் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது என்று திரை இருண்டது.

அதற்குப் பிறகு பத்து மாதம் ஒரு தகவலும் இல்லை. தினமும் காலையில் எழுந்து அவர்கள் தளத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். எதைப் பரிசீலிக்கிறார்கள், எவன் பரிசீலிக்கிறான், சாப்பாட்டுக்குப் போயிருக்கிறானா, செத்தே போய்விட்டானா, ஒன்றும் தெரியாது. மின்னஞ்சல் அனுப்பினால் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போடும். நான் எங்கே பொறுமையாக இருந்தேன்? கொதித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வருஷம்தான் ஆயுளாம். காலாவதி ஆனதும் மறுபடி நெஞ்சு எக்ஸ்ரே, மறுபடி ரத்தம். போலீஸ் சான்றிதழும் அப்படியே. நான் குற்றவாளி இல்லை என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்த அதே ஏட்டு, மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஏனம்மா, இன்னும் ஹோகில்வா?" போகவில்லை ஐயா, போகவில்லை.

இதில் என் வேலையும் ஒரு கூத்தானது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருஷமாக இன்சூரன்ஸ் மேசை என்னுடையது. நோயாளிகளின் கோப்பைப் புரட்டினால் போதும், எந்தக் காகிதம் விட்டுப்போயிருக்கிறது, எந்த டாக்டர் முத்திரை வைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். சிவசங்கரனின் ஆறு மாதக் கணக்கை நம்பி ராஜினாமா கொடுத்தேன். கேக் வெட்டி, சுவர்க்கடிகாரம் கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து அதே மருத்துவமனையில் போய்க் கெஞ்சி நின்றேன். நான் வேலை சொல்லிக்கொடுத்த பார்கவி இப்போது எனக்கு மேலே. "அக்கா, கோச்சுக்காதீங்க" என்று சொல்லித்தான் என்னை வேலை வாங்குவாள். அவள் நல்ல பெண். அதனாலேயே எரிச்சல் அதிகமாக வந்தது.

பத்தாவது மாதம் கடிதம் வந்தது. 'நீங்கள் சொன்ன திருமணத் தேதி ஆவணத்துடன் முரண்படுகிறது. பதிவான பிறகும் நீங்கள் சேர்ந்து வாழவில்லை. இந்தத் திருமணம் குடியேற்றத்துக்காகவே செய்யப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. முப்பது நாளில் விளக்கம் தரவும்.'

பொய்க் கல்யாணமாம். படித்துவிட்டு, கையில் இருந்த டம்ளரைத் தொட்டியில் வீசி எறிந்தேன். என் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் என்னாலதான். அன்னிக்கே உன்ன கூட்டிணு வந்திருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சு வந்திருக்குமா?"

"நீங்க செஞ்சதுல தப்பு இல்ல அத்தை. உள்ளத உள்ளபடி எழுதுவோம்" என்றேன்.

எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினேன். ஆடி என்றால் என்ன, தாலி என்றால் என்ன, ஏன் ஆனேக்கலுக்குத் திரும்பினேன் என்று வரிசையாக எழுதி, கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கப் பக்கம், மண்டப ரசீது, புகைப்படங்கள் எல்லாம் சேர்த்தேன். என் மாமியார் தன் பங்குக்குத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். 'என் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளைகள் தனியாக இருந்தார்கள்' என்று ஒரு வரி. எழுத்து கோணல்மாணல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நோட்டரியிடம் முத்திரை வாங்கி சிவசங்கரனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, "சூப்பர் மேடம், வக்கீல் கெட்டார்" என்றார்.

பத்து வாரத்தில் விசா வந்துவிட்டது.

நம்பினால் நம்புங்கள், நான் அழுதேன். உண்மையை எழுதினோம், யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டார் என்று அழுதேன். என் மாமியார் தெருவுக்கே கேசரி கிண்டினார். அதிகாரியம்மாளைக்கூட மன்னித்துவிட்டேன்.

மறுநாள் பாஸ்போர்ட் வாங்க அல்சூர் போனேன். "மேடம், ஃபைல் காப்பியும் எடுத்துக்கோங்க. ஏர்போர்ட்ல கேட்டா காட்டணும்" என்று சிவசங்கரன் ஒரு கட்டைக் கொடுத்தார். ஏழு வருஷப் பழக்கம், கட்டைக் கையில் வாங்கினால் புரட்டாமல் இருக்க முடியாது. நின்றபடியே புரட்டினேன். என் மூன்று பக்கம் இல்லை. மாமியாரின் கடிதம் இல்லை. அந்த இடத்தில் உமேஷ் கையெழுத்திட்ட ஒரு பக்கம் இருந்தது.

'என் மனைவி அதிகம் படிக்காதவர். ஆங்கிலம் சரியாகப் புரியாது. நேர்காணலில் கேள்வி விளங்காமல் தவறான பதில்களைச் சொல்லிவிட்டார். ஜூலை இருபத்தெட்டாம் தேதி முதல் நாங்கள் மர்பி டவுனில் என் தாயார் வீட்டில் ஒன்றாகவே வசித்தோம்.'

இரண்டு தடவை படித்தேன். அந்தப் பக்கத்தைச் சிவசங்கரன் முன்னால் நீட்டினேன்.

"இது என்னங்க?"

சிவசங்கரன் நாற்காலியில் நெளிந்தார். "சார்தான் மேடம் மாத்தச் சொன்னாரு. ஆடி, தாலி எல்லாம் அவங்களுக்குப் புரியாது, ரிஸ்க்குன்னாரு. நானும் யோசிச்சேன், சரின்னு பட்டுது. ரிசல்ட் வந்துடுச்சே மேடம், இன்னும் இன்னா?"

"என் கதைய என்கிட்ட கேக்காம மாத்துவீங்களா?"

"அப்ளிகேஷன் சார் பேர்ல இருக்குது மேடம்."

குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். வெளிநாட்டு அதிகாரி என்னைப் பொய்க்காரி என்றாள். என் கணவர் என்னை மக்கு என்று எழுதி அதற்குப் பரிகாரம் தேடியிருக்கிறார்.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரம். "டிக்கெட் பாத்துட்டியா ஸ்வர்ணா?" என்று குரலில் அத்தனை சந்தோஷம். நான் அந்தப் பக்கத்தை எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன்.

"அது வெறும் பேப்பர் ஸ்வர்ணா. காரியம் ஆவறதுக்கு எழுதினது. உன்ன எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவர் எப்படிங்க எழுதினீங்க? நான் இங்கிலீஷ்ல மூணு பக்கம் எழுதினத நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன். நல்லாதான் இருந்துது. அவங்க நம்பலைன்னா? ரெண்டு வருஷம் நானும்தானே இங்க தனியா கெடக்கிறேன்? வேலை முடிஞ்சு வந்து செவுத்தப் பாத்து சோறு துன்றேன். எனக்கு நீ வரணும், அவ்ளோதான்."

அந்த வார்த்தை என்னைத் தொடவில்லை என்று சொன்னால் பொய். தொட்டது. அதோடு கோபமும் இரண்டு மடங்கானது. வரவேண்டும் என்று இத்தனை ஆசைப்பட்டவர் ஒரு போன் போட்டு என்னிடம் கேட்டிருக்கலாம்.

"நாளைக்கு ஏர்போர்ட்ல அந்த ஊர் ஆபீசர் கேப்பான். ரெஜிஸ்டர் ஆனப்புறம் எங்க இருந்தேன்னு. நான் இன்னா சொல்லணும்?"

"மர்பி டவுன்னு சொல்லிடு."

"அப்ப இனிமே ஆயுசுக்கும் உங்க பொய்ய நான் மனப்பாடம் பண்ணணும். இங்கிலீஷ் தெரியாத மாதிரியும் நடிக்கணுமா?"

பக்கத்தில் என் மாமியார் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"டேய், தாலி கட்றதுக்கு முன்னாடி இவ என் வூட்ல வந்து இருந்தான்னு எழுதினியா? நான் கைப்பட எழுதினத தூக்கிப் போட்டுட்டு? என் மூட்டு ஆபரேஷனுக்கு அத்தினி பேப்பரையும் ஒத்தையா பாத்து முடிச்சவ இவ. இவளுக்கா வெவரம் பத்தாது? உனக்குத்தான்டா பத்தாது!"

போனைத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"அம்மாவ ஏன் இதுல இழுத்தே?" என்றார் உமேஷ்.

"நீங்கதான் இழுத்தீங்க. அவங்க வீட்டையே சாட்சியா வெச்சீங்க. இப்ப நான் சொல்றத கேளுங்க. நீங்க எழுதினது பொய், உங்க சம்சாரம் இன்டர்வியூல சொன்னதுதான் நிஜம்னு அந்த ஆபீசுக்கு எழுதுங்க. நான் எழுதின மூணு பக்கத்தையும் சேத்து அனுப்புங்க. அனுப்பினதுக்கு ரசீது எனக்கு வரட்டும். அப்பால டிக்கெட் போடலாம்."

"பைத்தியமா உனக்கு? அப்படி எழுதினா விசா கேன்சல் ஆயிடும். எனக்கும் கேஸ் வரும்."

"வரலாம்."

"உனக்கு என்கூட வாழணும்னு ஆசை இல்லையா?"

இதைக் கேட்டதும் நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. "இருக்குதுங்க. ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான் இருக்குது. ஆனா அங்க வந்து எறங்கப் போறது நான். நீங்க எழுதி வெச்சிருக்கிறது வேற ஒருத்தி. அவள எங்கனா தேடிக் கூட்டிக்குங்க" என்றேன்.

யோசிக்கிறேன் என்றார். யோசியுங்கள் என்று வைத்துவிட்டேன்.

கேசரி வாங்கித் தின்ற எதிர்வீட்டு யசோதா வாசலில் நின்று, "எப்பம்மா ஃப்ளைட்டு?" என்று கேட்டாள். என் மாமியார் நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய், "பையன் ஒரு லெட்டர் எழுதணும். எழுதினா போவா, இல்லாட்டி என்கூட இருப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அங்கே போய் இறங்க விசாவில் இன்னும் ஐம்பத்தெட்டு நாள் இருக்கிறது. அவர் எழுதட்டும்.