அம்சவல்லி ஒட்டிய இலைகள்

பத்துப்பாத்திரம் தேய்க்க மட்டும் ஒருநாளும் போகமாட்டேன் என்று அம்சவல்லி பதினான்கு வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். அவள் அம்மா மாரியம்மாள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளில் இருபத்திரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தவள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவோடு போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள் அம்சவல்லி. அங்கிருந்து பார்த்தால் தெரிவது அம்மாவின் முதுகும், அதற்கு மேலே அந்த வீட்டுச் சமையலறைச் சுவரும்தான். அப்படி எத்தனை சுவர்களைப் பார்த்திருக்கிறாள்! ஒருத்தர் வீட்டில் சாமி காலண்டர், இன்னொருத்தர் வீட்டில் பூப்போட்ட டைல்ஸ். பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒரு ஆசை வேர்விட்டது. தனக்கென்று ஒரு சமையலறை வேண்டும், அதன் சுவரில் தன் இஷ்டத்துக்கு எதையாவது வைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். பெரிய மாளிகையா கேட்டாள்?

கட்டிக்கொண்ட இனியனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட்காரனுக்கு ஏது குவார்ட்டர்ஸ்? தகரக் கொட்டகையில்தான் குடித்தனம். அவர்கள் மகள் அபி எட்டாவது போனபோதுதான் உள்வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. அலாட்மெண்ட் பரமசிவம் என்கிற பெர்மனென்ட் ஆள் பேரில். அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் மாடியோடு சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார், ஆனால் கம்பெனி கொடுத்த வீட்டை விட மனசு வரவில்லை. அவர் மனைவி கமலா சாவியைக் கையில் கொடுக்கும்போதே சட்டம் போட்டாள். ஆணி அடிக்கக் கூடாது. வர்ணம் மாற்றக் கூடாது. வாசலில் பரமசிவம் பேர் போட்ட பலகை அப்படியே இருக்க வேண்டும்.

"செக்கிங் வந்தா முன்னாடியே தெரிஞ்சிடும். நாங்க வந்துடுவோம். நீ என் சித்தப்பா பொண்ணு, விருந்தாளியா வந்திருக்கே. என்னை அக்கான்னு கூப்பிடணும், மறந்துடாதே."

"சரிங்கக்கா" என்றாள் அம்சவல்லி. அன்றிலிருந்து போனிலும் அக்காதான், நேரிலும் அக்காதான். கூப்பிடக் கூப்பிட அது கொஞ்சம் நிஜம் போலவே ஆகிவிட்டது அவளுக்கு. தீபாவளிக்கு அதிரசம்கூடக் கொடுத்துவிட்டாள். அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்வது!

இலைகளைக் கண்டுபிடித்தது அபி. போனில் தேடிக் காட்டினாள். சுவரில் ஒட்டுகிற இலைகள். பெரணி மாதிரி சில, ஓட்டை விழுந்த பெரிய இலைகள் சில, நடுவே நீலப் பூ விட்ட ஒரு நீளக் கொடி.

"பசை வாணாம், ஆணி வாணாம்மா. எப்ப வேணா உரிச்சிக்கலாம், செவுரு அப்படியே இருக்கும்னு போட்டுருக்கு."

கமலா போட்ட சட்டத்துக்குள் அடங்குகிற ஒரே அலங்காரம் அதுதான். ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசில் வாங்கினாள். முதலில் சுவரைத் துடைத்தாள். ஊருக்குள் எங்கே விரலை வைத்தாலும் சாம்பலும் கரித்தூளும்தான், சமையலறைச் சுவர் மட்டும் தப்புமா? சோப்புத் தண்ணீர் போட்டு மூன்று நாள் துடைத்து, காயவிட்டு, பழைய பஸ் பாஸ் அட்டையால் காற்றுக் குமிழிகளைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு இலையாக ஒட்டினாள். கொடியை ஜன்னல் ஓரத்தில் ஏற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இறக்கிவிட்டாள்.

இனியன் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துச் சிரித்தான். "ரசம் கொதிக்க சொல்ல ரெண்டு பறிச்சிப் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கினு சாப்புடு. வாய்க்கொழுப்பு அடங்கும்."

மாரியம்மாள் பார்க்க வந்தாள். பழக்க தோஷம், நேரே பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள். அம்சவல்லிக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "முன்னாடி வாம்மா! இது ஒம் பொண்ணு வூடு!" என்று கத்தினாள். மாரியம்மாள் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, இலைகளைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்த வாணாமில்ல" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழிந்தது. அபி பத்தாவதுக்கு வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கமலாவும் பரமசிவமும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். செக்கிங்காம். இனியன் வேலைக்குப் போயிருந்தான், அபி பள்ளிக்கூடத்தில். கமலா மளமளவென்று தங்கள் குடும்பப் போட்டோவை ஹாலில் மாட்டினாள், இனியனின் சட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். பரமசிவம் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். கமலா சமையலறைக்குள் நுழைந்து, "இதென்னடி கண்றாவி?" என்பதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

வந்தது ஒரு பெண் அதிகாரி. தங்கமான சிரிப்பு. ஹாலைப் பார்த்தாள், ரூமைப் பார்த்தாள், சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"அட! ரொம்ப அழகா இருக்கே. யார் ஐடியா?"

"என்னோடதுதான் மேடம்" என்றாள் கமலா, கண்ணை இமைக்காமல்.

அடுப்படியில் நின்றிருந்தாள் அம்சவல்லி. சரி, போகட்டும், வீடு தப்பினால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"இவங்க யாரு?"

இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு வருஷமாகத் தயாராக இருந்தாள் அம்சவல்லி. 'அக்கா' என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கமலா அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள், அவள் நிறத்தை, நைலக்ஸ் புடவையை, மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த கழுத்தை. பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"வேலைக்கு வர்ற பொண்ணு மேடம். இவளை விட்டுத்தான் ஒட்டச் சொன்னேன்."

"நல்ல கை. எங்க வாங்கினீங்க? எங்க கிச்சன் சுவர் மொட்டையா இருக்கு."

"இப்ப கிடைக்கறதில்ல மேடம். உரிச்சு ஒட்டுறதுதானே, இதையே எடுத்துக்குங்க! ஞாயித்துக்கிழமை இவகிட்ட கொடுத்தனுப்பறேன், அவளே வந்து ஒட்டிக் கொடுத்துடுவா." அதோடு விட்டாளா? திரும்பி, "நின்னுக்கிட்டே இருக்கியே, மேடத்துக்குக் காபி போடு" என்றாள்.

அம்சவல்லி காபி போட்டாள். தன் வீட்டுப் பாலில், தன் வீட்டுத் தூளில்.

ஜீப் போனதும் கேட்டாள். "சித்தப்பா பொண்ணுன்னு சொல்றதாத்தானே பேச்சுக்கா?"

கமலா போட்டோவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "சொன்னா நம்பணுமே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சாயங்காலம் இனியன் கொதித்தான். "ஒரு மயிரும் வாணாம், வூட்டக் காலி பண்ணு." அம்சவல்லிதான் அடக்கினாள். மார்ச்சில் அபிக்குப் பரீட்சை. இப்போது கிளம்பி எங்கே போவது? மறுபடியும் தகரக் கொட்டகைக்கா? ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே, போய் ஒட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

ஞாயிறு காலை இலைகளை உரித்தாள். பாழாய்ப்போனவை கொஞ்சம்கூட முரண்டு பிடிக்காமல் கையோடு வந்துவிட்டன. சுவர் அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தது பொய்யில்லை. இலை இருந்த இடமெல்லாம் அன்றைக்கு அவள் துடைத்துவைத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது, சுற்றிலும் இரண்டு வருஷத்துச் சாம்பலும் தாளிப்புப் புகையும் படிந்திருந்தன. கொடி முழுக்க வெள்ளையாகச் சுவரிலேயே நின்றது. அபி அதைப் பார்த்துவிட்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மேடத்தின் பங்களா வாசலில் நின்று மணியடித்தாள். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "பின்பக்கமா வாம்மா."

பின்பக்கத்துக்கு வழி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒட்டி முடித்தபோது பதினோரு மணி. கொடி அங்கேயும் தொட்டிக்கு மேலே இறங்கியது, இடம் அப்படித்தான் அமைந்தது. மேடத்துக்குப் பரம சந்தோஷம். "வந்தது வந்தே, அந்தப் பாத்திரத்தையும் கொஞ்சம் தேய்ச்சுப் போட்டுடேன். எங்க வீட்ல வேலை செஞ்சவ நின்னுட்டா" என்றாள். முடியாது என்று எந்த வேலைக்காரி சொல்வாள்? அம்சவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கமலா போன் செய்தாள். "மேடத்துக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தினம் காலைல வரச் சொல்றாங்க."

"ஏதாவது சாக்கு சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? இவ வேலைக்காரியே இல்ல, உள்வாடகைக்கு இருக்கான்னா? யோசிச்சுப் பேசு அம்சா."

மாரியம்மாளிடம் தையல் கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இனியனை ஆறு மணி ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, அபிக்கு டிபன் கட்டிவைத்துவிட்டு, ஏழுக்கெல்லாம் அந்தப் பின்வாசலில் நிற்கிறாள். குனிந்தால் பாத்திரம், நிமிர்ந்தால் அவள் இலைகள். ஒருநாள் கொடியின் நுனியில் ஒரு சின்ன இலை ஓரம் பிரிந்து சுருண்டிருந்தது. குமிழி விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள்.

"ஏய், அதுல கை வைக்காதே" என்றாள் மேடம் பின்னாலிருந்து. "ஈரக்கை. பாழாயிடும்."

அம்சவல்லி கையை எடுத்துக்கொண்டாள்.