நிலுவையில் இருக்கும் பிரசவம்

மனு எழுதுகிறவரின் மனைவி ஏழு வருடம் இரண்டு மாதமாகக் கர்ப்பமாக இருக்கிறாள். முதல் ஒன்பது மாதம் எல்லோருக்கும் போலத்தான் போனது. வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் தம்பி, வங்கி வழியாக அனுப்பினால் கமிஷனே பாதியைத் தின்றுவிடும் என்று, பிரசவச் செலவுக்குக் கிரிப்டோ காசாக அனுப்பினான். அது அக்காவின் செல்போனில் வந்து உட்கார்ந்தது. அடுத்த வாரமே மத்திய வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: சட்டம் வரும்வரை இந்தக் காசு தடை செய்யப்பட்டதும் அல்ல, அனுமதிக்கப்பட்டதும் அல்ல, யாரும் அதைப் பணமாக மாற்றித் தரக்கூடாது, பாதிக்கப்பட்டவர்கள் மனு கொடுக்கலாம்.

மனு என்றால் நம்மவருக்குச் சொல்லவா வேண்டும்! பதிவு அலுவலக வாசலில் இருபது வருடமாக மடக்கு மேசை போட்டு, அடுத்தவர் குறையை எழுதிப் பிழைக்கிறவர். விஷயம் என்ற இடத்தில் 'மனைவியின் பிரசவம்' என்று எழுதினார். கடைசியில் கைப்பழக்கத்தில், எல்லா மனுவுக்கும் போடுகிற வரியைப் போட்டார்: 'தாங்கள் முடிவெடுக்கும்வரை மேற்படி விஷயத்தை நிலுவையில் வைக்க வேண்டுகிறேன்.' நிலத் தகராறில் எதிராளியின் கையைக் கட்டிப்போடும் என்று ஜனங்கள் நம்புகிற வரி அது. அதற்காகவே அவரிடம் கூட்டம் வரும். மத்திய வங்கியின் மனுப் பிரிவு எழுத்தர் சீல் வைத்து வாங்கிக்கொண்டார். வீட்டில் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நிமிஷமே வலி நின்றது.

டாக்டரம்மா கையை விரித்தார். "குழந்தை நல்லாத்தான் இருக்கு. வலி வரலைன்னா நான் என்னம்மா பண்றது?" ஆபரேஷனுக்கு நாள் குறித்த மூன்று தடவையும் கத்தி தோலில் கீறல்கூடப் போடவில்லை, கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மனுவைத் திரும்ப வாங்க ஓடினார் மனிதர். "வாபஸ் உத்தரவை அதிகாரிதான் சார் போடணும். அந்தப் பதவியே சட்டம் வந்தாத்தான் உருவாகும்" என்றார் எழுத்தர். சட்டமா? மசோதா வந்தது, குழுவுக்குப் போனது, குழுத் தலைவர் மாறினார், அரசாங்கம் கவிழ்ந்தது, மசோதா காலாவதியானது. செல்போனில் இருந்த காசு ஒரு வீடு வாங்குமளவுக்கு ஏறி, ஒரு வாளி வாங்குமளவுக்கு இறங்கியது. அது காசே இல்லை என்று சொன்ன அரசாங்கம், வருடம் தவறாமல் அதற்கு வரி மட்டும் கேட்டது. வயிறு எரியாதா?

"அந்த ஒரு வரியை எழுதாம இருந்திருக்கக் கூடாதா?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"இருபது வருஷத்துல நான் எழுதின எந்த மனுவுக்கும் கேட்டது கிடைச்சதில்லடி" என்றார், அழுதுகொண்டே.

போன மாதம் ஒருவழியாகச் சட்டம் நிறைவேறியது. எண்பத்திரண்டு பிரிவுகளையும் நின்றபடியே படித்தார். எழுபத்தொன்பதாம் பிரிவு சொன்னது: ஏற்கெனவே நிலுவையில் உள்ள விஷயங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது, அவை உள்ளபடியே தொடரும். அவளிடம் படித்துக் காட்டினார். அவள் அழவில்லை. "பிள்ளைக்கு வயசு ஆறு ஆச்சு. பள்ளிக்கூடத்துலயாவது சேர்க்கலாங்க" என்றாள்.

தலைமை ஆசிரியை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. பிறந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. சேர்த்துக்கொண்டார். தினமும் காலையில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருகிறாள். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. வருகைப் பதிவில் பதினேழாம் எண் வந்ததும் ஆசிரியை அவள் வயிற்றைப் பார்க்கிறார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்கிறது. குறித்துக்கொண்டு, பதினெட்டைக் கூப்பிடுகிறார்.