எழுதாமல் விட்ட சுற்றுகள்

08.02.2026, ஞாயிறு.
வேலை: அம்பாசிடர், இடது முன்சக்கரம். தேய்ந்துபோன டை ராட் எண்ட் கழற்றியது.
தவறு: எத்தனை சுற்றில் கழன்று வந்தது என்று எழுதிக்கொள்ளவில்லை. அப்பாதான் எண்ணினார். காலையில் கேட்டு எழுத வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜெனி இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பொழிச்சலூர் வீட்டுப் போர்டிகோவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பிரிட்டோ உள்ளே ஹாலில் பெஞ்சின் மேல் கிடந்தார். ஐந்தரை மணிக்குப் பால் வாங்க எழுந்தவர், ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இன்னொரு செருப்பு கட்டிலுக்கடியிலேயே இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள், ஒரு சக்கரம் கழன்று போர்டிகோவில் நின்ற அம்பாசிடருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தார்கள். ஆள் நுழையலாம். சவப்பெட்டி நுழையாது.

"பெட்டி மூணு மணிக்கு வந்துடும்மா," என்றார் டேனியல் சித்தப்பா. "வண்டியை வெளிய எடுத்தாகணும். பத்து பேர் கீறோம், அலாக்கா தூக்கிடலாமா?"

"தூக்கறதுக்கு இது இன்னா சைக்கிளா சார்?" என்றார் எதிர்வீட்டுக் குமரேசன். "டன்னுக்கு மேல கீது. அப்புறம் நமக்கும் சேத்துப் பெட்டி சொல்லணும்."

யாரோ சிரிக்கப்போய் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"வேணாம் சித்தப்பா. நானே மாட்டிடறேன்," என்றாள் ஜெனி.

மாட்டுவது பெரிய வேலையில்லை. சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் இணைக்கும் மூட்டுதான் டை ராட் எண்ட். பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதை அத்தனை சுற்று ஏற்ற வேண்டும். கூடக்குறைய ஆனால் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். தாம்பரத்தில் மெக்கானிக் மாலை வகுப்பு எடுக்கும் சார் இதை இரண்டு முறை சொல்லியிருந்தார். டைரியில் தவறு என்று ஒரு கட்டம் போடச் சொன்னதும் அவர்தான். ஜெனிக்கு அந்தக் கட்டம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

நேற்று அவள் வண்டிக்கடியில் படுத்திருந்தாள். அப்பா பிளாஸ்டிக் ஸ்டூலில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது.

"நீ எண்ணுப்பா, நான் சுத்தறேன்."

"மூணு... நாலு... ஏய், மெதுவா சுத்துடி. எண்றதுக்கே மூச்சு வாங்குது."

முடிந்ததும் எத்தனை என்று கேட்டாள். அவர் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "பத்திரமா கீது. நாளைக்கு வாங்கிக்க." அதற்குள் அம்மா சர்ச்சில் பூசைக்கு நேரமாச்சு என்று கத்தினாள்.

இப்போது ஜெனி கம்பியின் திருகு மரையைப் பார்த்தாள். பழையது நின்ற இடத்தில் துருவின் கோடு இருந்தால் அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேய்த்து வைத்திருந்ததும் அவள்தான்.

"தோராயமா போடும்மா. கேட்டைத் தாண்டினா போதாதா?" என்றார் சித்தப்பா.

"போதும்," என்றாள். ஆனால் கை போகவில்லை. புது டை ராட் எண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போனது. பிறகு எழுந்து ஹால் வாசலில் போய் நின்றாள்.

அம்மா செல்லம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். துணி காயப்போட இடமில்லை என்று அந்த வண்டியோடு ஆறு மாதமாகச் சண்டை போடுகிறவள். அவளிடம் ஜெனி எதையும் கேட்கவில்லை. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கிரீஸ் அப்பியிருந்த கைகளைத்தான் பார்த்தாள்.

"பதினாலரை."

"இன்னாம்மா?"

"பதினாலரை சுத்து. படுக்கும்போது சொன்னாரு. காலைல ஜெனி கேப்பா, எனக்கு மறந்துட்டா நீ சொல்லுன்னாரு. நான் இன்னா அவ டைரியான்னு கேட்டேன்."

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அம்மா சரிசெய்தாள்.

"போ. நேரமாவுது."

உள்ளே ஜெபமாலை ஆரம்பித்தது. அருள் நிறைந்த மரியே ஒன்றின் மேல் ஒன்றாக வந்துகொண்டிருக்க, எண்ணிக்கை கலந்துவிடாதபடி ஜெனி வாய்விட்டு எண்ணினாள். அவர்கள் பத்து மணிகளை முடித்து அடுத்த பத்துக்குப் போனபோது அவள் பதினொன்றில் இருந்தாள். பதினான்கு. அரை. மூட்டின் முனையைச் சக்கரப் பக்கம் பொருத்தி நட்டை இறுக்கினாள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதிதாக இல்லாததால் பழையதையே இடுக்கியால் நிமிர்த்திப் போட்டாள். சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினாள்.

ஸ்டீயரிங்கில் அவள் உட்கார, ஆறேழு பேர் தள்ளினார்கள். கேட்டில் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம்தான். வண்டி வளையாமல் நேராகத் தெருவுக்குப் போய் நின்றது.

"அப்படியே நூல் புடிச்ச மாதிரி கீதும்மா," என்றார் குமரேசன்.

வண்டி நின்றிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. யாரோ அதன் மேல் மணல் தூவினார்கள். அம்மாவுக்காக ஒரு நாற்காலி போட்டார்கள். மூன்று மணிக்குப் பெட்டி உள்ளே வந்தது.

09.02.2026, திங்கள்.
வேலை: இடது டை ராட் எண்ட் மாட்டியது. பதினாலரைச் சுற்று.
தவறு: பழைய ஸ்பிளிட் பின்னையே மறுபடி போட்டது.
நாளை: புதுப் பின் வாங்க வேண்டும். வலது பக்கம் கழற்ற வேண்டும். எண்ணுவதற்கு அம்மாவைக் கூப்பிட வேண்டும்.