எலும்பு இல்ல, எலும்பு

பொட்டுவுக்கு ஐந்து வயது முடிகிற ஞாயிற்றுக்கிழமை அது. பிறந்தபோது ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவே இருந்ததால் அப்பா வைத்த செல்லப்பெயர் பொட்டு. இப்போது வீட்டுக்குள்ளேயே அடங்காத பெண்ணாகிவிட்டாள், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவள் அம்மாவுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வழுக்கி விழுந்தவர்கள், வண்டியில் மோதியவர்கள், மரமேறத் தெரிந்து இறங்கத் தெரியாதவர்கள் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு நடுவில்தான் பொட்டு வீட்டிலிருந்து போன் செய்தாள். பிறந்தநாளுக்கு என்ன அலங்காரம் வேண்டும் என்று யோசித்துச் சொல்லும்படி அம்மாதான் கேட்டிருந்தாள்.

"அம்மா, யோசிச்சிட்டேன். எலும்புதான் வேணும். வீடு முழுக்க எலும்பு."

அம்மாவின் ஒரு கையில் போன், இன்னொரு கையில் தோள் இறங்கிப்போன ஒருவரின் முழங்கை. "சரிடா கண்ணு, அப்படியே பண்ணிடலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் சொன்னது மனதில் இறங்கியது. இறங்கியதும் உச்சி குளிர்ந்துபோனது. ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இளவரசி, வானவில், பட்டாம்பூச்சி என்று கேட்கும்போது தன் பெண் எலும்பு கேட்டிருக்கிறாள். அம்மா செய்கிற வேலையைப் பார்த்துத்தானே கேட்டிருக்கிறாள். அன்று வந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் தெரிந்துவிட்டது. மீதிப் பேருக்கு வலி அதிகம் என்பதால் தப்பித்தார்கள்.

கணவனிடம் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். "எலும்பா? நல்லாக் கேட்டியா?"

"என் காதால கேட்டேங்க. அவ என் பொண்ணுங்க."

பொட்டுவிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று முடிவானது. அவளோடு படிக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்குச் செய்தி போனது: கறுப்பு உடை, அதன் மேல் வெள்ளைக் காகிதத்தில் எலும்பு வெட்டி ஒட்டி அனுப்பவும்.

அம்மாவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரை வேலை இருந்தது. அதனால் பொட்டுவை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறு காலையில்தான் அலங்காரத்தில் இறங்க முடிந்தது. கணவன் கடைகளிலிருந்து ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வீடுகளுக்கு ஏற்றிப்போகிற வேன் ஓட்டுபவன். அவன் கொண்டுவந்த பேக்கிங் தெர்மாகோலைப் பிளேடால் அறுத்து அறுத்துத் தொடை எலும்பு, விலா எலும்பு, தோள்பட்டை என்று குவித்தாள். சுவரெல்லாம் கறுப்புத் தாள், தாளெல்லாம் எலும்பு. பழைய எக்ஸ்ரே பிலிம்களை ஜன்னலில் வரிசையாக ஒட்ட, வெயில் பட்டு அவை நீலமாக ஒளிர்ந்தன. கூடத்தின் நடுவில் ஒல்லி மாமா நின்றார். நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிற அறையில் இருக்கும் ஆளுயர பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் அது. திங்கள் காலை வகுப்புக்குள் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

கணவன் கேக் வாங்கப் போயிருந்தான். அவள் நாற்காலியில் ஏறி நின்று, கழுத்தெலும்பு ஒன்றைக் கடைசியாக ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பிள்ளைகள் வர நாலு மணியாகும், அதற்குள் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று இறங்கும்போது வாசல் மணி அடித்தது.

கணவனின் அக்கா, பொட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தபால் அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிற அவளுக்குப் பேச்சும் தந்தி மாதிரிதான் வரும்.

"இதுக்கு மேல என்னால முடியாது. விடிஞ்சதிலேருந்து ஒரே கேள்வி. நீயே வெச்சுக்கோ."

பொட்டு அதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். அம்மா பின்னாலேயே ஓடினாள். கூடத்தின் நடுவில் நின்று பொட்டு சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், ஒல்லி மாமாவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, எலும்பு எங்க?"

"இதோ, எல்லாமே எலும்புதான் கண்ணு."

"இது எலும்பு. நான் எலும்பு கேட்டேன்."

அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அதைத்தானே நானும் சொல்றேன். எலும்பு."

"எலும்பு இல்லம்மா" என்று பொட்டு காலை உதைத்தாள். "எலும்பு."

இப்படி இரண்டு பேரும் மாறி மாறி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்க, அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொட்டுவின் குரல் உடைய ஆரம்பித்தது. "வலிசையா போகுமே, சக்கலை தூக்கிட்டு. ஆலு காலு."

கேக் பெட்டியோடு உள்ளே வந்த கணவன் கடைசி வார்த்தையில் நின்றான். "ஆறு காலா? எறும்பு."

"ஆமா" என்றாள் பொட்டு, அப்பாடா என்று. "அதான் நானும் சொல்லேன்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பொட்டுவின் வாயில் ர வராது, ற வராது. கரடி கலடியாகும், மரத்தை அவள் சொல்ல வரும்போது வெளியாள் இருந்தால் பேச்சை மாற்ற வேண்டியிருக்கும். இது பெற்றவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் காது அன்று தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொண்டது.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று அவள் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். அலங்காரம் வீணானதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் வேலைமேல் பிள்ளைக்கு ஆசை என்று இரண்டு வாரமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததுதான் சப்பென்று போனது.

அத்தை வந்து குழாயை மூடினாள்.

"அழறதுன்னா இப்பவே அழுதுடு. நாலு மணிக்கு மூஞ்சி வீங்கியிருக்கக் கூடாது."

"அழலை அண்ணி."

"சரி. அப்ப எறும்பு எப்படிப் பண்றதுன்னு யோசி. எனக்கு யோசிக்க வராது. சொன்னாச் செய்வேன்."

கூடத்தில் கணவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தான். எல்லாவற்றையும் பிய்த்துவிடலாமா என்று அவன் கேட்டான். பிய்த்து என்ன செய்வது, வரப்போகிற பிள்ளைகள் எலும்பு ஒட்டிக்கொண்டல்லவா வருவார்கள் என்றாள் அத்தை. அம்மா கண்ணை இடுக்கி அறையை ஒரு சுற்று பார்த்தாள். எலும்பு முறிந்தவர்களைப் பார்க்கிற பார்வை அது. எது அப்படியே இருக்கலாம், எதைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று தேடுகிற பார்வை.

"எலும்பு இருக்கட்டும். எறும்பு வந்து தூக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

அதன் பிறகு வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குப்பைத்தொட்டிக்குப் போடுகிற கறுப்புப் பைகளை எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் தலை, நெஞ்சு, வயிறு என்று மூன்று உருண்டையாக எறும்பு வந்து நின்றது. கணவன் முதலில் கட்டியது எறும்பு போல இல்லை, தலையணைக்கு வயிற்றுவலி வந்தது போல இருந்தது. இரண்டாவது தேறியது. காலுக்கு என்ன செய்வது என்று திகைத்தபோது, அம்மா சுவரிலிருந்து ஆறு விலா எலும்புகளைக் கழற்றி, கறுப்புச் சாயத்தில் முக்கிச் செருகினாள். வளைவு அப்படியே எறும்புக் கால்.

அத்தைக்குச் சுவரோரமாக நீளமாக விரித்த வெள்ளைத் தாள் கிடைத்தது. கட்டைவிரலைச் சாயத்தில் தொட்டு மூன்று மூன்றாக அழுத்த வேண்டும், பொட்டு பேனாவால் கால் போடுவாள். அத்தை தாளைப் பார்த்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். டப் டப் டப் என்று அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விட்டாள். முத்திரை குத்திப் பழகிய கை. கால் போடுகிறவளால் கூடவே ஓட முடியவில்லை.

"அத்தை, மெதுவா. இந்த எலும்புக்குக் காலே இல்ல, பாவம்."

"அது உக்காந்திருக்கு. விடு."

அம்மா சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து தானும் கால் போட ஆரம்பித்தாள். போடும்போதே, மற்றதெல்லாம் விட்டு எறும்பு எதற்கு என்று மகளிடம் கேட்டாள்.

"அதுங்க என் பிலெண்டு" என்றாள் பொட்டு, தாளிலிருந்து தலை தூக்காமல். "நம்ம படியில இலுக்குங்க. நீ ஆஸ்பத்திலிலேலுந்து வல்ல வலைக்கும் அதுங்ககூடத்தான் இலுப்பேன். நீ வந்ததும் டாட்டா சொல்லிட்டு வந்துடுவேன்."

அம்மா வேலையிலிருந்து வரும்போது தினமும் வாசல் படியில் இந்தக் குழந்தை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுண்டு. எதைப் பார்க்கிறாள் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மகளின் உச்சந்தலையில் முத்தமிட்டாள். பொட்டுவுக்கு அது வேலைக்கு இடைஞ்சல். தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

கேக்கின் மேல் வெள்ளை க்ரீமில் ஒரு எலும்பு வரைந்திருந்தது. கணவன் சாக்லேட் உருண்டைகளை மும்மூன்றாக வைத்து அதைச் சுற்றி எறும்பு மொய்க்க விட்டான். வைத்ததில் பாதி அவன் வாய்க்குப் போனதை அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். பெரிய எறும்பு ஒன்று ஒல்லி மாமாவின் தோளில் ஏறியது. இன்னொன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அம்மா குளிக்கவே இல்லை. வாசல் மணி அடித்தபோது அவள் மூக்கில் சாயம் இருந்தது.

எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருத்திக்கு விலா எலும்பு முதுகில், ஒருவனுக்குக் கழுத்திலிருந்து கால் வரை ஒரே எலும்பு. உள்ளே வந்ததும் ஒவ்வொரு தலையிலும் அத்தை ஒரு அட்டைப் பட்டையை மாட்டினாள். அதில் செருகிய இரண்டு ஸ்ட்ராவும் எறும்பின் மீசை மாதிரி ஆடின. கறுப்பு உடை, மேலே மீசை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலும்புக்கூடுகள் எறும்புகளாகிவிட்டன.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் மட்டும் கூடத்தின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தான். "எறும்புக்கு உள்ள எலும்பே கிடையாது ஆன்ட்டி."

பெற்றோர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியும்டா ராஜா" என்றாள் அம்மா. "அதனாலதான் வெளியில ஒட்டிக்கச் சொன்னோம்."

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நியாயம்தான் என்று பட்டது போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்காமல் கேக் இருக்கும் பக்கம் போனான்.

விளையாட்டும் அங்கேயே பிறந்தது. சுவரில் இருக்கிற எலும்புகளைப் பிய்த்து, வரிசை கலையாமல் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில், அதாவது புற்றுக்குள், சேர்க்க வேண்டும். எந்த எலும்பு என்று அம்மாவிடம் பெயர் கேட்டுக்கொண்டால்தான் தூக்கலாம். "இது என்ன", "இது எங்க இருக்கும்", "எனக்கு இருக்கா" என்று பிள்ளைகள் அவளை மொய்த்துவிட்டார்கள். அவள் ஒவ்வொருவரின் முட்டியையும் முழங்கையையும் தொட்டுக் காட்டினாள். இருந்த இடத்தில் இருக்க முடியாத ஒருத்தி தன் தாடையைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றினாள், இங்கேயும் எலும்பு இருக்கிறதாம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு. வரிசைக்குத் தலைவி பொட்டு. கடைசி எறும்பு அத்தை, தலையில் மீசையும் கையில் ஒரு தொடை எலும்புமாக, சிரிக்காத முகத்தோடு.

"அது யாலு தெலியுமா?" என்று பொட்டு பின்னால் வருகிறவளிடம் கேட்டது அம்மாவின் காதில் விழுந்தது. "எங்க அம்மா. அவங்களுக்கு உன் உள்ள இலுக்கறதெல்லாம் தெலியும்."

இம்முறை அம்மா சரியாகத்தான் கேட்டாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு கூடம் போர் முடிந்த இடமாகக் கிடந்தது. கணவன் ஒல்லி மாமாவைத் துடைத்து, போர்வையில் சுற்றி, வேனில் படுக்க வைக்கப் போனான். அம்மா துடைப்பத்தோடு வந்தாள். மேசைக்குக் கீழே பொட்டு குப்புறப் படுத்திருந்தாள். உதிர்ந்த கேக் துணுக்கு ஒன்றை நோக்கிச் சுவர் விரிசலிலிருந்து மெல்லிய கோடு ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"பெலுக்காத" என்றாள் பொட்டு மெதுவாக.

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். முன்னால் வந்தது துணுக்கைத் தொட்டுப் பார்த்தது, திரும்பிப் போய் அடுத்ததிடம் என்னவோ சொன்னது. கைப்பையை மாட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்த அத்தை, இரண்டு பேர் தரையில் கிடப்பதைப் பார்த்து நின்றாள். பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.