இரண்டாயிரம் மீட்டருக்கு ஒரு வாந்தி

அந்த மாதத்தில் நான்காவது முறையாகச் செவ்வந்தி வாந்தி எடுத்தபோது, பயிற்சியாளர் இராஜாங்கம் விசில் கயிற்றை இரண்டாக மடித்து அவள் பிடரியில் அடித்தார்.

"துடைடி. உன் துண்டாலயே துடை."

துடைத்தாள். தஞ்சாவூரில் அந்தத் தனியார் கல்லூரியின் ஜிம்மில் ரோயிங் மெஷின்கள் ஆறு இருந்தன. படகு ஒன்றுகூடக் கிடையாது. முன்னும் பின்னும் வழுக்கும் இருக்கையில் உட்கார்ந்து, சங்கிலி கோத்த கைப்பிடியைத் துடுப்பென்று நினைத்து வயிறுவரை இழுக்க வேண்டும். எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று எதிரே உள்ள திரை சொல்லும். இரண்டாயிரம் மீட்டரை எட்டு நிமிஷத்துக்குள் முடித்தால் மாநிலத் தேர்வுக்குப் பெயர் போகும். மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. செவ்வந்திக்கோ ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் குடலையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வாந்தி எடுப்பவள்தான் உழைப்பவள் என்பது இராஜாங்கத்தின் கொள்கை. எல்லாப் பெண்களையும் அப்படித்தான் வதைத்தார். ஆனால் அடி மட்டும் செவ்வந்திக்குத்தான் விழும். இருவருக்கும் குத்தாலம் பக்கத்தில் ஒரே ஊர். அவருடைய அண்ணன் துரைராசுவின் நிலத்தைச் செவ்வந்தியின் அப்பா கண்ணுசாமி இருபது வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். கண்ணுசாமியின் அப்பா அதே நிலத்தில் பண்ணையாளாகக் கிடந்தவர். கண்ணுசாமி தாலுகா ஆபீசுக்குப் போய்க் குத்தகைதாரர் என்று பெயரைப் பதிவு செய்துகொண்டதைத் துரைராசுவால் பொறுக்க முடியவில்லை. ஆட்சி மாறி அவருடைய கட்சியின் கை ஓங்கியதும், தை மாதம் விளைந்து நின்ற சம்பாவில் அவரே அறுப்பு மெஷினை இறக்கினார். கண்ணுசாமி குறுக்கே போய் நின்றார். முழங்காலுக்குக் கீழே கடப்பாரையால் இரண்டு அடி. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

வாந்தியைத் துடைத்துவிட்டு விடுதி அறைக்கு வந்தவளிடம் கமருன்னிஸா கேட்டாள். முத்துப்பேட்டைப் பெண். பிசியோதெரபி படிக்கிறாள், அதே அணியில் இருக்கிறாள்.

"மெஷின்ல உக்காரதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்ட?"

"சார் குடுத்ததுதான். நாலு வாழைப்பழம், ரெண்டு முட்டை, ஒரு சொம்பு குளுக்கோஸ்."

"எவ்வளவு நேரம் முன்னாடி?"

"இருபது நிமிஷம்."

"அப்பறம் வராம என்ன செய்யும்? ரத்தமெல்லாம் காலுக்கும் முதுகுக்கும் ஓடுது. வயித்துல கிடக்கறது எப்படிச் செரிக்கும்? எனக்குக் குடுக்கறதை நான் பாத்ரூம்ல கொட்டிடுவேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து, கைகளை நீட்டி இழுத்துக் காட்டினாள். "மூணு மணி நேரம் முன்னாடி நாலு இட்லி. அப்பறம் வாய் நனையற அளவு தண்ணி, அவ்வளவுதான். அவர் கத்துறாருன்னு முதல் ஐந்நூறுல பாயாத, அங்கதான் நீ செத்துப்போற. முன்னால போறப்ப ரொம்ப மடிஞ்சு வயித்தை நசுக்காத. இழுக்கறப்ப மூச்சை முழுசா வெளிய தள்ளு. முடிச்ச உடனே தொப்புனு விழாம மெல்ல இழுத்துக்கிட்டே இரு."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வாந்தி எடுத்தாதான் பெருமைன்னு நீயும் நெனச்சிக்கிட்டு இருந்த."

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லை.

பத்து நாள், விடியற்காலையில் காவலாளியிடம் சாவி வாங்கி இருவரும் இழுத்தார்கள். முதல் நாளும் வாந்திதான். நான்காம் நாள் வெறும் குமட்டலோடு நின்றது. எட்டாம் நாள் தொடை எரிந்தது, நெஞ்சு எரிந்தது, வயிறு மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.

மாநிலத்துக்குப் பெயர் அனுப்பும் தேர்வு நாளன்று இராஜாங்கம் கொடுத்த சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் செவ்வந்தி மெஷினில் உட்கார்ந்தாள். அவர் அதைக் கவனித்தார்.

விசில் ஒலித்தது. மற்றவர்கள் பாய்ந்தார்கள். அவள் பாயவில்லை.

"சவமே, இழுடி," என்று கத்தினார். ஆயிரம் மீட்டரில் அவள் வேகம் கூட்டினாள். ஆயிரத்து இருநூறில் அவர் மெஷினின் காலை ஓங்கி உதைத்தார். இருக்கை ஆடி, கைப்பிடி அவள் முட்டியில் இடித்தது. ஒரு இழுப்புத் தவறியது. ஆயிரத்து ஐந்நூறில் காதருகே குனிந்தார்.

"உங்கப்பனுக்கு இன்னொரு கால் இருக்குல்ல?"

செவ்வந்தி மூச்சை வெளியே தள்ளினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடி வழுக்கியது. ஒவ்வொரு இழுப்பிலும் அந்தக் குரல்வளையைப் பிய்ப்பதாக நினைத்து இழுத்தாள். கண் இருட்டியது. திரை ஏழு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி என்றது.

அவள் விழவில்லை. மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தாள். கமருன்னிஸா ஓடிவந்து திரையை போனில் படம் எடுத்தாள்.

"வாந்தி வரல," என்றார் இராஜாங்கம். "அப்ப நீ முழுசா இழுக்கல. இது கணக்குல வராது. மறுபடி இழு."

"மாட்டேன் சார்."

முடியைக் கொத்தாகப் பற்றித் தலையைப் பின்னால் வளைத்தார். "வரவைக்கிறேன் பாரு," என்று இரண்டு விரலை அவள் தொண்டைக்குள் திணித்தார். நகம் அண்ணத்தைக் கிழித்தது. செவ்வந்தி கடித்தாள். அவர் அலறிக்கொண்டே மறு கையால் முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்தது. அவள் பல்லை விடவில்லை. மறுபடி குத்தினார். பல்லுக்கடியில் எலும்பு நெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அப்போதும் அடங்காமல் எழுந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் ஓங்கி அவர் தாடையில் இறக்கினாள். அவர் மெஷின் மேல் மல்லாந்து விழுந்தார். அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் தரையில் துப்பினாள். தன்னுடையது எது, அவருடையது எது என்று தெரியவில்லை.

காவல் நிலையத்தில் முதலில் அவள் மேல்தான் வழக்குப் போட்டார்கள். துரைராசுவின் கட்சிக்காரர்கள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். கமருன்னிஸா மற்ற நான்கு பெண்களையும் கையோடு கூட்டிவந்து, அவர்கள் நடந்ததை எழுதிக் கொடுக்கும்வரை வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்துவிட்ட பிறகு, இராஜாங்கத்தின் மேலும் ஒரு வழக்குப் பதிவானது.

கட்டுப்போட்ட காலோடு பஸ் ஏறி வந்திருந்த கண்ணுசாமி, மகளின் வீங்கிய முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிச்சியா பாப்பா?"

"கடிச்சேன்பா."

"நான் அன்னிக்குக் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். சும்மா நிக்கிறவன அடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

கல்லூரி அவளை விடுதியிலிருந்து நீக்கியது. இராஜாங்கத்தை விடுப்பில் அனுப்பியது. போனில் எடுத்த படத்தைப் பார்த்த மாநிலச் சங்கத்தார், சென்னைக்கு வந்து எங்கள் முன்னால் இழுத்துக் காட்டு என்றார்கள்.

போனாள். மூக்கெலும்பு சரியாகக் கூடாமல் மூச்சு பாதிதான் போயிற்று. எட்டு நிமிஷத்துக்கு ஒரு விநாடி குறைவாக முடித்தாள். நான்காவது இடம். அணிக்கு எடுத்தது மூன்று பேரை. நான்காவதாக வந்தவளை மாற்று ஆளாக எழுதிக்கொண்டார்கள்.

அந்த முடிவைச் சொல்வதற்கு முன், அவள் இன்னும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மெஷின்காரி கைப்பிடியைத் தவறவிட்டுத் தரையில் சுருண்டு ஓங்கரித்தாள். ஒரு பயிற்சியாளர் கத்திக்கொண்டே அவளை நோக்கி வந்தார். செவ்வந்தி இழுப்பதை நிறுத்தினாள். எழுந்துபோய், அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றாள்.